கப்பலில் வரும் பேரிங்கும் மெக்கானிக்கின் வாக்கும்

அந்தமானில் கார் வைத்திருப்பவர்களிடம் ரெண்டு சொத்து இருக்கும். ஒன்று கார். இன்னொன்று ஒரு நல்ல மெக்கானிக்கின் போன் நம்பர். காரைக்கூட இரவல் கொடுத்துவிடுவார்கள், அந்த நம்பரைக் கொடுக்கும்போதுதான் கொஞ்சம் யோசிப்பார்கள் :-)

நான் வேலை நிமித்தம் இங்கே வந்து சில வருடங்கள் ஆகிறது. ஊர்ப்பெயர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று மாறிவிட்டது. வாய்ப்பழக்கத்தில் எல்லோருக்கும் இன்னும் போர்ட் பிளேர்தான். 2011 சென்சஸ்படி இந்தத் தீவுகளின் மொத்த மக்கள்தொகை 3,80,581. அதில் தமிழ் பேசுபவர்கள் சுமார் 15 சதவீதம். வங்காளிகளுக்கு அடுத்து நாம்தான். பஜாரிலும் பட்டறைகளிலும் தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஆனால் முதலாளி தமிழ், பையன் தெலுங்கு, வண்டிக்காரர் வங்காளி என்றால் பேச்சு தானாக அந்தமான் இந்திக்கு மாறிவிடும். பரமக்குடிக்காரரும் ஸ்ரீகாகுளத்துக்காரரும் இலக்கணம் பார்க்காமல் இந்தியில் கிளட்ச் பிளேட்டைப் பற்றி வாக்குவாதம் செய்வதைக் கேட்பது தனி சுகம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நேர்மையான ஒர்க்ஷாப் என்பது எப்படி உருவாகிறது? மெக்கானிக்கின் நல்ல குணம் மட்டும்தான் காரணமா, வேறு ஏதாவது இருக்கிறதா? நம் ஊர் மோட்டார் தொழிலின் வரலாற்றிலேயே இதற்குப் பதில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்தத் தொழிலில் உள்ள அடிப்படைச் சிக்கல். கத்திரிக்காய் வாங்கும்போது கையில் எடுத்துப் பார்த்துச் சொத்தையைத் தள்ளிவிடலாம். ஓட்டலில் சாப்பிட்டால், சாப்பிட்ட பிறகாவது நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடும். மெக்கானிக் விஷயம் அப்படி இல்லை. "கிளட்ச் பிளேட் போயிடுச்சு சார், மாத்தியாச்சு, 6,000 ரூபாய்" என்கிறார். வண்டி நன்றாக ஓடுகிறது. ஆனால் பிளேட் உண்மையிலேயே தேய்ந்திருந்ததா, வெறும் கேபிளை முறுக்கிவிட்டே சரி செய்திருக்கலாமா என்பது நமக்குக் கடைசிவரை தெரியாது. வேலை முடிந்த பிறகும் தெரியாது என்பதுதான் இதில் விசேஷம்.

மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் 1973ல் இந்த மாதிரிச் சேவைகளுக்கென்று ஒரு தனிப் பெயரே வைத்தார்கள். தமிழில் 'நம்பிக்கைப் பொருள்' என்று சொல்லலாம். என்ன தேவை என்று சொல்பவரும், அதைச் செய்து காசு வாங்குபவரும் ஒரே ஆள். அவர்கள் கட்டுரையில் கார் ரிப்பேர்தான் முக்கிய உதாரணம். டாக்டர்களும் இதே வகைதான், அது இன்னொரு நாள்.

இதற்கு மூன்று வருடம் முன்னால், 1970ல், ஜார்ஜ் அகெர்லாஃப் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அமெரிக்காவில் ஓட்டை வண்டிக்கு 'எலுமிச்சை' என்று பட்டப்பெயர். எது நல்ல வண்டி, எது எலுமிச்சை என்று வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் எல்லா வண்டிக்கும் குறைந்த விலைதான் கேட்பார். அந்த விலைக்குக் கட்டுப்படியாகாமல் நல்ல வண்டி வைத்திருப்பவர்கள் சந்தையை விட்டு விலகுவார்கள். கடைசியில் எலுமிச்சைகள் மட்டும் மிஞ்சும். இதற்காக 2001ல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்து கிடைத்தது. அகெர்லாஃப் 1967-68ல் ஒரு வருடம் டெல்லியில் இருந்தவர். நம் ஊர்ப் பெண்கள் அரிசியில் கல் பொறுக்குவதைக்கூட அந்தக் கட்டுரையில் சொல்லியிருக்கிறார்.

பட்டறைகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். "எல்லா மெக்கானிக்கும் திருடன்தான்" என்று ஊர் முடிவு செய்துவிட்டால், நேர்மையாக வேலை செய்பவருக்கும் அதே பேரம்தான், அதே சந்தேகம்தான். பிறகு அவர் எதற்காக நேர்மையாக இருக்க வேண்டும்? நேர்மைக்கு இங்கே கைக்காசு செலவாகிறது. இந்த முடிச்சை நம் ஆட்கள் எப்படி அவிழ்த்தார்கள் என்று பார்ப்போம்.

முதல் ஆள் திருக்குறுங்குடிக்காரர். டி.வி.சுந்தரம் அய்யங்கார், 1877ல் பிறந்தவர். வக்கீல் தொழில், ரயில்வே, பேங்க் என்று உத்தியோகங்கள் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் விட்டு 1911ல் சொந்தத் தொழிலுக்கு வந்தார். 1912 வாக்கில் பஸ் ஓட்டத் தொடங்கினார். அது மாட்டுவண்டிக் காலம். மோட்டார் வண்டி என்றால் எங்கே நிற்கும், எப்போது வெடிக்கும் என்று தெரியாத ஒரு பூதம். அதை நம்பிச் சனங்கள் ஏற வேண்டும், காசும் கொடுக்க வேண்டும்.

அவர் விற்றது சீட்டை அல்ல, நேரத்தை என்றுதான் சொல்வேன். டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று மதுரைப் பக்கம் பழைய ஆட்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பஸ் நேரத்துக்கு வர வேண்டுமானால் அது வழியில் நிற்கக்கூடாது. வழியில் நிற்காமல் இருக்க, ஷெட்டில் ராத்திரி பார்க்கும் வேலை ஒழுங்காக இருக்க வேண்டும். பிரேக் சரியாகப் பார்த்தாயா என்று மெக்கானிக்கை யாரும் கேட்க வேண்டியதில்லை, மறுநாள் காலை பஸ்ஸே சொல்லிவிடும். பயணிக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது, மணி பார்க்கத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத பட்டறை வேலையை, எல்லோரும் சரிபார்க்கக்கூடிய ஒரு எண்ணாக மாற்றிவிட்டார்கள்.

இன்னொரு கதையும் உண்டு. அந்நாளில் ரோடெல்லாம் மாடுகளின் லாடத்திலிருந்து விழுந்த ஆணிகள் கிடக்கும், டயர் பஞ்சராகிவிடும். டி.வி.எஸ்.காரர்கள் வண்டியில் பெரிய காந்தத்தைக் கட்டி ரோட்டில் ஓட்டி அந்த ஆணிகளைப் பொறுக்கினார்கள் என்பார்கள். நேரம் தவறக்கூடாது என்பதற்காகச் செய்ததுதான். ஆனால் ஆணி போன ரோட்டில் மற்றவர்கள் வண்டியும்தானே போகும்? ஊருக்குச் செய்வது என்பது பல சமயம் இப்படித் தொழிலின் ஓரத்திலிருந்துதான் தொடங்குகிறது.

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குப் பெரும் தட்டுப்பாடு. அப்போது கரிவாயுவில் வண்டி ஓட்டும் 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' வந்தது. மரக்கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு கிடைக்கும். அதை வடிகட்டி எஞ்சினுக்குக் கொடுப்பார்கள். பெட்ரோலில் கிடைக்கும் இழுவை இதில் கிடைக்காது, மேட்டில் திணறும், தினமும் சாம்பல் அள்ள வேண்டும். ஆனால் பஸ் ஓடியது. டயர் கிடைக்காததால் பழைய டயருக்கு ரீட்ரெடிங் செய்யவும் தொழிற்சாலை போட்டார்கள். சுந்தரம் அய்யங்கார் 1955ல் காலமானார். அதன்பின் வந்த லூகாஸ்-டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் எல்லாம் 1960களின் தொடக்கத்தில் வந்தவை. பெயர்களைக் கவனியுங்கள்: சக்கரம், பிரேக், டைனமோ. பஸ் பட்டறையில் எதெல்லாம் கிடைக்காமல் கஷ்டப்பட்டார்களோ, அதையே அடுத்த தலைமுறை செய்து விற்றது.

இரண்டாவது ஆள் கோயம்புத்தூர்க்காரர். ஜி.டி.நாயுடு, 1893ல் கலங்கலில் பிறந்தவர். பள்ளிப்படிப்பில் மனம் ஒட்டவில்லை. ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, கோவையில் ஓட்டலில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து, கடைசியில் அதை வாங்கியே விட்டார். வாங்கிய பிறகு ஓட்டியதைவிடப் பிரித்ததுதான் அதிகம். நட்டு நட்டாகக் கழற்றி, திரும்பப் பூட்டி, தானே மெக்கானிக் ஆனார். 1920ல் ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில் தானே ஓட்டினார். அதுதான் யு.எம்.எஸ். என்ற யுனிவர்சல் மோட்டார் சர்வீஸாக வளர்ந்தது. ஒரு மெக்கானிக் முதலாளியானால் என்ன நடக்கும் என்பதற்கு அது உதாரணம். டிரைவர் ஏதாவது சாக்கு சொன்னால், எஞ்சினைத் திறந்து பார்க்கத் தெரிந்த முதலாளி. அங்கே ஏமாற்ற முடியாது. 1937ல் டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவின் முதல் எலெக்ட்ரிக் மோட்டாரைத் தயாரித்ததும் இவர்தான்.

நாயுடு ஊருக்குத் திருப்பிக் கொடுத்தது எது என்றால், தொழில் கற்றுக் கொடுத்ததைத்தான் நான் முதலில் சொல்வேன். 1945ல் அவர் முயற்சியில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும், அதே பெயரில் ஒரு பொறியியல் கல்லூரியும் வந்தன. ஆர்தர் ஹோப் அப்போது சென்னை மாகாண கவர்னர். கோவை அவினாசி ரோட்டில் 'ஹோப் காலேஜ்' என்று பஸ் கண்டக்டர்கள் கூவும் ஸ்டாப்பின் பெயர் அதிலிருந்து வந்ததுதான். அந்தக் கல்லூரிதான் பின்னால் ஜி.சி.டி. ஆனது. பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிய பையன் கல்லூரி முதல்வராகவும் உட்கார்ந்தார்! நாலு வருடப் படிப்பு வீண், கையால் வேலை செய்து கற்றால் அதில் பாதிக் காலம் போதும் என்று வாதாடினார். அரசாங்கம் ஒப்புக்கொள்ளவில்லை, பதவியை விட்டு விலகிவிட்டார். 1974ல் மறைந்தார். அந்த வாதம் இன்றும் முடியவில்லை என்பது கையில் கிரீஸ் படாமல் இன்ஜினியரிங் முடித்த நம் எல்லோருக்கும் தெரியும்.

இந்த இரண்டு கதைக்கும் அந்தமானுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா?

1920களின் மதுரையும் கோவையும் மோட்டார் விஷயத்தில் தீவுகள்தான். கார், பஸ், பேரிங், மேக்னெட்டோ எல்லாம் இங்கிலாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் கப்பலில் வர வேண்டும். ஒரு பாகம் உடைந்தால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் லேத்தில் கடைந்து நீயே செய்துகொள்ள வேண்டும். 'உடைஞ்சா மாத்து' என்ற சௌகரியம் கிடையாது. அங்கே மெக்கானிக்கின் கண்டுபிடிப்பு தப்பானால் காசு மட்டும் போகாது, பல மாதமும் போகும். அந்த நெருக்கடிதான் நல்ல பட்டறைகளை உருவாக்கியது.

மெயின்லேண்டில் அந்தக் காலம் முடிந்துவிட்டது. இங்கே முழுசாக முடியவில்லை. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலில் வர இரண்டரை, மூன்று நாள். அவசரம் என்றால் விமானத்தில் வரவழைக்கலாம், சிறிய பாகமாக இருந்தால். பெரியதெல்லாம் ஹேடோ துறைமுகத்தில் கப்பல் வந்து சரக்கு இறங்கினால்தான். மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் அதுவும் தள்ளிப்போகும். இதில் வருடத்துக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை, எப்போதும் உப்புக்காற்று. சைலன்ஸர், கதவின் அடிப்பகுதி, பிரேக் பைப் எல்லாம் அரித்துக்கொண்டே இருக்கும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் உப்புநீர் குடித்த வண்டிகளைப் பற்றிக் கேட்டால், பழைய மெக்கானிக்குகள் இன்றும் உச்சுக்கொட்டுவார்கள். கடல்நீர் வயரிங்குக்குள் போய்விட்டால் வண்டி அன்றைக்கு ஸ்டார்ட் ஆகும், ஆறு மாதம் கழித்துச் சாகும்.

இவற்றைவிடப் பெரிய விஷயம் ஏ.டி.ஆர்., அதாவது அந்தமான் டிரங்க் ரோடு. போர்ட் பிளேரிலிருந்து பாராடாங், ரங்கத், மாயாபந்தர் வழியாக திக்லிப்பூர் வரை 300 கி.மீ.க்கு மேல் போகும் சாலை. ஜிர்காடாங்குக்கும் மிடில் ஸ்ட்ரெயிட்டுக்கும் நடுவில் ஏறக்குறைய 50 கி.மீ. ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்துக்குள் போகிறது. 1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம் அங்கே அமலில் இருக்கிறது. இந்தச் சாலையின் அந்தப் பகுதியை மூடச் சொல்லி 2002ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனாலும் சாலை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அது தனி விவாதம். வண்டிகள் குறித்த நேரத்தில் போலீஸ் காவலோடு கான்வாயாகத்தான் போக வேண்டும். நடுவில் நிறுத்தக்கூடாது, முந்தக்கூடாது, போட்டோ எடுக்கக்கூடாது. அதற்குள் ஃபேன் பெல்ட் அறுந்தால் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பின்னால் வரும் வரிசை தடைப்படும். வெளியாட்கள் இறங்கவே கூடாத காட்டில் இறங்கி நிற்க வேண்டும். பாதிப்பு நமக்கு மட்டும் இல்லை, யாருடைய நோய்க்கும் எதிர்ப்புச் சக்தி இல்லாத ஒரு சின்ன மக்கள் கூட்டத்துக்கும்தான்.

நான் வழக்கமாகப் போகும் பட்டறைக்காரர் ராமநாதபுரத்து வம்சம். அவர் அப்பா காலத்திலேயே இங்கே வந்துவிட்டார்கள். பெயர் போட மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. வண்டியை விட்டால் முதலில் கேட்கும் கேள்வி, "சார், டவுனுக்குள்ளேயா, மேலேயா?" மேலே என்றால் வடக்கே, ஏ.டி.ஆர். வழியாக. டவுனுக்குள் என்றால், "இந்த பெல்ட் இன்னும் மூணு மாசம் வரும், இப்ப மாத்தாதீங்க" என்பார். மேலே என்றால் அதே பெல்ட்டை மாற்றச் சொல்வார். ஒரே பெல்ட், ரெண்டு பதில், ரெண்டும் நேர்மை. கழற்றிய பாகத்தை ஒரு பழைய பேப்பரில் சுற்றி சீட்டில் வைத்துவிடுவார். "எனக்கு எதுக்குண்ணே இது?" என்று ஒருமுறை கேட்டேன். "உங்களுக்கு இல்ல சார், எனக்கு. இது வண்டியில இருக்கிற வரைக்கும் என்னை யாரும் ஒண்ணும் கேக்க முடியாது" என்றார்.

டார்பியும் கார்னியும் சொன்ன சிக்கலுக்கு இதைவிட மலிவான மருந்து இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பழைய பாகத்தைக் கையில் கொடு. தேய்ந்திருந்தால் தேய்ந்தது தெரியும். பஸ் நேரம் மதுரையில் செய்த வேலையை, பேப்பரில் சுற்றிய பழைய பெல்ட் இங்கே செய்கிறது.

சின்ன ஊர் என்பதும் இதற்கு உதவி. ஒருவரை ஏமாற்றிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட முடியாது. அடுத்த தெருவில் இருப்பவர் ஏமாந்தவரின் மச்சானாக இருப்பார் :-) ஆனால் சின்ன ஊர் மட்டும் போதாது. நாலே பட்டறை இருக்கும் ஊரில் நாலு பேரும் கூடிப் பேசி ஏமாற்றினால் நாம் எங்கே போவது, கடலிலா?

பெரிய கம்பெனி, பெரிய போர்டு இருந்தால் தப்பு நடக்காதா? 1992ல் அமெரிக்காவில் சியர்ஸ் நிறுவனத்தின் கார் சர்வீஸ் சென்டர்கள் சிக்கியது நினைவிருக்கலாம். கலிபோர்னியா அரசு அதிகாரிகள் வாடிக்கையாளர் வேடத்தில் கார்களை விட்டுப் பார்த்தார்கள். தேவையில்லாத வேலைகளைத் தலையில் கட்டுகிறார்கள் என்று குற்றம் சாட்டினார்கள். சேர்மனே விளம்பரம் கொடுத்து விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று, பிறகு வழக்கு சமரசத்தில் முடிந்தது. அடியில் இருந்தது என்ன? ஊழியர்களுக்கு இத்தனை பிரேக் வேலை, இத்தனை ஷாக் அப்சார்பர் விற்க வேண்டும் என்று கோட்டா, விற்றால் கமிஷன். கெட்ட ஆட்களைத் தேடிப்பிடித்து வேலைக்கு வைத்ததாக யாரும் சொல்லவில்லை. சம்பளத்தைக் கொடுத்த விதம் அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டது. சர்வீஸ் அட்வைசர்களுக்கான அந்தத் திட்டத்தை சியர்ஸ் கைவிட்டது. இன்று நம் ஊரிலும் எத்தனையோ சர்வீஸ் சென்டர்களில் டார்கெட் என்ற சொல் புழங்குகிறது. வாடிக்கையாளர்களாகிய நாம் அதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. 1986ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அதற்குப் பதிலாக 2019ல் புதிய சட்டம் வந்து 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. நல்லதுதான். ஆனால் 400 ரூபாய் பெல்ட்டுக்காக யார் கோர்ட்டுக்குப் போவார்கள்? அந்த 400 ரூபாய் இடைவெளியை நிரப்புவது மனிதர்களும் வழக்கங்களும்தான்.

கடைசியாக, ஊருக்குத் திருப்பிக் கொடுப்பது. கோயில் திருவிழாவுக்கு நன்கொடை, பள்ளிக்கூடத்துக்கு ஃபேன் என்பதெல்லாம் எல்லா ஊரிலும் உண்டு, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. சுந்தரம் அய்யங்காரின் வீட்டிலிருந்து அவர் மகள் டாக்டர் சௌந்தரம் போய் 1947ல் காந்திகிராமத்தைத் தொடங்கினார் என்பதும் பெரிய விஷயம். இளம் வயதில் கணவரை இழந்த அவருக்குப் படிப்பும், 1940ல் ஜி.ராமச்சந்திரனோடு மறுமணமும் அமைந்ததும் அந்தக் காலத்துக்குச் சாதாரணம் அல்ல. ஆனாலும் ஒரு பட்டறை ஊருக்குக் கொடுக்கக்கூடிய பெரிய கொடை, அடுத்த மெக்கானிக்தான்.

நம் பட்டறைக்காரரிடம் எப்போதும் ரெண்டு பையன்கள் இருப்பார்கள். முதல் வருடம் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது, டீசலில் பாகம் கழுவுவது. அப்புறம் வீல் கழற்றுவது. மூன்றாவது வருடம்தான் எஞ்சின் பக்கம். தேறியவர்களில் சிலர் சென்னைக்குப் போய்விடுகிறார்கள், சிலர் அரசாங்க வேலைக்கு. ஒருவன் ரங்கத்தில் சொந்தப் பட்டறை போட்டிருக்கிறான். அவனுக்கும் பழைய பாகத்தைப் பேப்பரில் சுற்றிக் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது, நானே வாங்கியிருக்கிறேன். ஏன் என்று கேட்டால் "உஸ்தாத் அப்படித்தான் செய்வாரு" என்கிறான். அவனுக்கு டார்பியும் தெரியாது, கார்னியும் தெரியாது. ஜி.டி.நாயுடு நாலு வருடம் எதற்கு என்று கேட்டது இப்படிப்பட்ட படிப்பைத்தான் மனதில் வைத்து என்று நினைக்கிறேன்.

இப்போது கவலை வேறு. புதுக் கார்களுக்கு ஸ்கேனர் இல்லாமல் நோய் தெரிவதில்லை, சாஃப்ட்வேர் கம்பெனி கையில். எலெக்ட்ரிக் வண்டி வந்தால் பெல்ட்டும் இல்லை, கிளட்ச்சும் இல்லை. பேப்பரில் சுற்றிக் கொடுக்க என்ன இருக்கும்? ஆனால் ஒன்று மட்டும் மாறாது. என்ன ஆச்சு என்று நமக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். அந்த இடைவெளி இருக்கும்வரை, தனக்குத் தெரிந்ததை நமக்குக் காட்டுகிற ஆளுக்கு மதிப்பு இருக்கும். உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார். அடுத்த முறை வண்டி விடும்போது அவரிடம் ரொம்பப் பேரம் பேசாதீர்கள். அவர் தெருவிலேயே இருக்க வேண்டும் என்பதற்காக நாம் கட்டும் சந்தா அது.